கிராஞ்சிச் சதுப்பு நிலத்தை வேலிக்குள் மட்டும் காக்க முடியாது: திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசியப் பூங்காக் கழகம், நகர மறுசீரமைப்பு ஆணையம், பொதுப் பயனீட்டுக் கழகம், சிங்கப்பூர் உணவு அமைப்பு ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் வடமேற்குக் கரையில் 56.8 ஹெக்டர் பரப்பில் அமைந்துள்ள நன்னீர்ச் சதுப்பு நிலத்தைப் பற்றியும், அதைச் சுற்றி நியோ தியூ, லிம் சூ காங் சாலைகளை ஒட்டி இன்னும் எஞ்சியிருக்கும் நாட்டுப்புறத்தைப் பற்றியும் உங்கள் நால்வருக்கும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன். சதுப்பு நிலம் உங்களில் ஒருவர் பராமரிப்பில் இருக்கிறது. அதை ஒட்டிய நீர்த்தேக்கம் இன்னொருவர் பொறுப்பு. பண்ணை நிலங்களின் எதிர்காலம் மூன்றாமவர் கையில் இருக்கிறது. எந்த நிலம் எதற்கு என்று வரைபடத்தில் குறிப்பவர் நான்காமவர். அங்கு வாழும் உயிர்களோ ஒரே காலைப் பொழுதில் இந்த நான்கு பொறுப்புகளுக்குள்ளும் போய்த் திரும்புகின்றன. ஆகவே, சதுப்பு நிலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. 1970களில் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டப்பட்டு நன்னீர் தேங்கியபோது, கரையோரத் தாழ்நிலங்களில் நீர் ஏறித் தானாக உருவானது இந்தச் சதுப்பு நிலம். பிறகு பல ஆண்டுகள் ஆகாயத்தாமரையும் பிற மிதவைச் செடிகளும் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டே வந்தன. 2008இல் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இந்த இடத்தைத் தத்தெடுத்துக்கொண்டது. அதன் தொண்டூழியர்கள் சேற்றில் இறங்கிச் செடிகளை அகற்றினார்கள். 2016 பிப்ரவரியில் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, 170க்கும் மேற்பட்ட பறவையினங்களும் 54 வகை வண்ணத்துப்பூச்சிகளும் 33 வகைத் தட்டான்களும் அங்கே பதிவாகியிருந்தன. நிலத்தின் பெரும்பகுதியைப் பொதுநடமாட்டத்துக்கு மூடி வைத்து, வழிகாட்டியுடன் செல்வோரை மட்டும் அனுமதிக்கும் உங்கள் முடிவைக் குறை சொல்பவர்கள் உண்டு. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

மனிதர் கட்டிய அணையால் உருவான நிலம்தானே, வேறொரு நீர்த்தேக்கத்தின் கரையில் இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளலாமே என்று ஒரு வாதம் அவ்வப்போது காதில் விழுகிறது. இதை ஏற்க முடியவில்லை. ஒரு குளத்தை ஆறு மாதத்தில் வெட்டிவிடலாம். அதைச் சுற்றிக் கோரையும் நாணலும் லாலாங் புல்லும், கைவிடப்பட்ட பண்ணைகளில் வளர்ந்த புதரும் பழமரங்களும் கலந்த ஒரு நாட்டுப்புறம் அமைய எத்தனையோ ஆண்டுகள் பிடிக்கும். கிராஞ்சியின் வளம் அந்தக் கலவையில்தான் இருக்கிறது.

இதற்கு ஆள்காட்டிப் பறவை ஒன்றே போதிய சான்று. கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசை மடிப்பும் நீண்ட மஞ்சள் கால்களும் கொண்ட இந்தப் பறவையை லிம் சூ காங் பகுதியில் பார்ப்பதற்கு முன்பே அதன் அலறலைக் கேட்டுவிடலாம். நீர்நிலையை விட்டு வெகுதூரம் போகாத இப்பறவை, நீரிலோ மரத்திலோ கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், சரளையும் குட்டைப்புல்லும் கலந்த தரையில் ஒரு சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடுகிறது. மண்ணின் நிறத்திலேயே புள்ளியும் திட்டுமாக இருக்கும் அம்முட்டைகளை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தாலும் கண் தவறவிட்டுவிடும். வெயில் ஏறும் நேரத்தில் தாயோ தந்தையோ நீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின் மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கும். பொரித்த குஞ்சுகள் வெகுவிரைவில் எழுந்து நடக்கத் தொடங்கி, பெற்றோருக்குப் பின்னால் இரை தேடிப் போகும். வெட்டவெளிக்கும் நீருக்கும் நடுவே ஒரு உயரமான வேலியோ, கான்கிரீட் வடிகாலோ, கனரக வண்டிகள் ஓடும் அகலச் சாலையோ வந்துவிட்டால், வேலிக்கு உள்ளே சதுப்பு நிலம் முழுமையாகவே இருந்தாலும் ஆள்காட்டிக்கு அங்கே வாழ்வில்லை.

தூக்கணாங்குருவியின் நிலையும் இதுவே. ஆண் குருவி உயரமான புல்லின் ஓரத்தை அலகால் கவ்விக் கிழித்து, மெல்லிய நாராக்கி, ஒரு கூட்டுக்காக நூற்றுக்கணக்கான முறை பறந்து திரும்புகிறது. கூடு பாதி முடிந்து தலைக்கவசம் கவிழ்த்ததுபோல் தொங்கும் கட்டத்தில் பெண் குருவி வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் அடியில் நீளும் நுழைவுக்குழாய் பின்னப்படும், பிடிக்காவிட்டால் கூடு பாதியிலேயே நின்றுவிடும். கூடு நீருக்கு மேலே தொங்கலாம். ஆனால் நாருக்கான புல்லும், வளர்ந்த குருவிகள் உண்ணும் புல்விதையும், குஞ்சுகளுக்கு ஊட்டும் பூச்சியும் பக்கத்து வெளிகளிலிருந்து வருகின்றன. சுத்தமாகவும் ஒழுங்காகவும் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு சாலையோரப் புல்லை மாதந்தோறும் ஒட்ட வெட்டிவிடும் வழக்கத்தை, கூடு கட்டும் பருவத்தில் இந்த வட்டாரத்திலாவது நிறுத்திவைக்க முடியுமா என்று தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

சுற்றுப்புறம் இப்போது வேகமாக மாறப்போகிறது. லிம் சூ காங்கில் 390 ஹெக்டர் நிலத்தை உயர்தொழில்நுட்ப உணவு உற்பத்திக்காக மறுசீரமைக்கும் திட்டம் சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. நீர்த்தேக்கத்தின் கிழக்கே, 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் நடந்து முடிந்த குதிரைப் பந்தயத் திடலில் சுமார் 14,000 வீடுகள் எழவிருக்கின்றன. தெற்கே, நீர்த்தேக்கத்துக்கு நீர் கொண்டுவரும் பகுதியில் தெங்கா நகரம் வளர்ந்துகொண்டிருக்கிறது. உணவுத் தேவையில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் பண்ணை வேண்டாம் என்றோ, வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதியரிடம் வீடு வேண்டாம் என்றோ சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்பது என்ற பழைய இலக்கு 2025 நவம்பரில் கைவிடப்பட்டு, 2035க்கான புதிய இலக்குகள் வகுக்கப்பட்டுள்ளன. எதை, எங்கே, எவ்வளவு விளைவிப்பது என்று எப்படியும் மறுபடி யோசிக்கும் இந்த வேளையில், சதுப்பு நிலத்தையும் அந்த யோசனைக்குள் கொண்டுவர முடியும். கட்டடங்கள் எழுந்தபின் அது முடியாது.

நான் கேட்பது ஒரு இடைவெளிப் பட்டை. சதுப்பு நிலத்தின் எல்லையிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்துக்குப் புல்வெளியாகவும் புதராகவும் தாழ்ந்த, திறந்தவெளிப் பண்ணையாகவும் நிலம் இருக்கட்டும். மூடிய கட்டடங்களில் அடுக்கடுக்காகப் பயிர் வளர்க்கும் பண்ணைகள் அதற்கு அப்பால் அமையட்டும். அத்தகைய பண்ணைகளில் இரவிலும் விளக்கு எரியக்கூடும். செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வந்து தங்கிப்போகும் வலசைப் பறவைகளில் பல இரவில் பறப்பவை. வெளிச்சத்தால் அவை திசை தடுமாறுவதும், கண்ணாடிச் சுவரில் மோதி விழுந்து சாவதும் சிங்கப்பூருக்குப் புதிய செய்தி அல்ல. சதுப்பு நிலத்தைப் பார்த்த பக்கத்தில் ஒளி கசியாத சுவரும், பறவைக்குக் கண்ணாடி என்று தெரியும்படியான கண்ணாடியும் கட்டட அனுமதியின் நிபந்தனையாகவே இருக்க வேண்டும். வடிகாலும் முக்கியம். பண்ணையிலிருந்து வழியும் உரச்சத்து நீர்த்தேக்கத்தில் கலந்தால் ஆகாயத்தாமரை மறுபடி செழிக்கும். தொண்டூழியர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு மீட்ட திறந்த நீர்ப்பரப்பு மறுபடி மூடிக்கொள்ளும். குடிநீருக்கும் அது நல்லதல்ல என்பதைப் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று நினைப்பவர்கள் வேடந்தாங்கலைப் பார்க்கலாம். அந்த ஏரி சுமார் 30 ஹெக்டர்தான். ஆனால் 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரையிலான ஊர்களும் வயல்களும் சேர்ந்தே சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஏரி மரங்களில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் பிற நீர்நிலைகளிலும் என்பதால் அந்த எல்லைக்கு அர்த்தம் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்மக்கள், அரசு அறிவிப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வந்தார்கள். 5 கிலோமீட்டர் கேட்கச் சிங்கப்பூரில் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சில நூறு மீட்டர் என்கிறேன்.

ஆய்வுகளைப் பற்றியும் ஒரு சொல். கிராஞ்சியில், பழைய ரயில் தடத்தை ஒட்டிய காட்டில், பல்லுயிர் ஆய்வு முடிவதற்கு முன்பே சுமார் 4.5 ஹெக்டர் அழிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2021 பிப்ரவரியில் வெளிவந்தபோது இந்த வட்டாரத்தில் பலரும் மனம் கசந்தோம். அதன் பிறகு நடைமுறைகளை நீங்கள் இறுக்கியிருப்பதை மதிக்கிறேன். இருந்தும், மனைமனையாக நடக்கும் ஆய்வு அந்தந்த மனையின் இழப்பை மட்டுமே காட்டும். ஒவ்வொன்றும் சிறிய இழப்பாகத் தெரியும். பத்து மனைகளின் கூட்டு இழப்பை எந்த அறிக்கையும் சொல்லாது. சதுப்பு நிலம், புல்வெளிகள், பண்ணைகள், நீர்த்தேக்கக் கரை அனைத்தையும் உள்ளடக்கி, வலசைக் காலமும் கூடு கட்டும் காலமும் இரண்டும் அடங்கும்படி ஓராண்டு முழுதும் நடக்கும் ஒரே ஆய்வு தேவை. அதன் முடிவுகளை, நிலம் ஒதுக்கப்படுவதற்கு முன்பே மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

இந்த நாட்டுப்புறத்தில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. ஆண்டுதோறும் பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுக்கு வரும் மாடுகளின் கழுத்தைத் தடவிப் பார்க்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். அம்மாடுகள் லிம் சூ காங்கிலிருந்துதான் வருகின்றன. ஆனால் இயற்கை தொடர்பான கலந்துரையாடல்களில் நம் முகங்களைக் குறைவாகவே காண்கிறேன். இதில் நம் பக்கத்துக் குறையும் இருக்கிறது. கிராஞ்சியின் எதிர்காலம் பற்றிய அடுத்த கலந்துரையாடலுக்கான அழைப்பும் விளக்கக் குறிப்புகளும் நான்கு மொழிகளிலும் இருந்தால், பண்ணைகளில் வேலை பார்த்த மூத்தோர் பலர் தாங்கள் அறிந்ததைச் சொல்ல முன்வருவார்கள். எந்தக் குட்டையில் எந்த மாதத்தில் நீர் வற்றும், எந்த வெளியில் ஆள்காட்டி முட்டையிடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

இடைவெளிப் பட்டை, ஒளிக்கும் கண்ணாடிக்குமான நிபந்தனைகள், வடிகால், முழு வட்டார ஆய்வு ஆகியவை குறித்து நீங்கள் நால்வரும் கலந்து பேசி ஒரே பதிலாக, அடுத்த வலசைக் காலம் தொடங்கும் செப்டம்பருக்கு முன் வெளியிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுவா சூ காங் வட்டாரவாசி ஒருவர்