காத்திருக்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

பணி ஓய்வு பெறுகிறேன். விழா எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில்தான் இந்த மடல். உடுத்துவது, சாப்பிடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகள் தாங்களே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகவும், அந்தப் படிப்புக்கு ஆசிரியராகவும் நான் செய்ததில் என் சொந்தச் சரக்கு கொஞ்சம்தான்.

முதல் நன்றி, பயிற்சிக் காலத்தில் எங்களை மேற்பார்த்த அம்மாவுக்கு. பக்கவாதம் வந்த ஒருவர் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எங்களுக்குக் கை பரபரக்கும். அம்மாவோ தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதிக்கப்பட்ட கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதை உங்களிடம்தான் படித்தேன், அம்மா. வகுப்பறையிலும் அதுதான் கைகொடுத்தது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மாணவர் யோசித்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமா என்ன!

அடுத்து, சிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்கு. ஒரு செயலைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கும் முறை எங்களிடம் உண்டு. சாக்ஸைக் குதிகால் தாண்டும்வரை நாம் மாட்டிவிட்டு, மேலே இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடுவோம். முடித்த சந்தோஷம் குழந்தைக்கே கிடைக்கும். வகுப்பில் இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். "காலை அவசரத்தில் இது நடக்காது, சாயங்காலம் கழற்றுவதிலிருந்து தொடங்குகிறோம்" என்று வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டவர்கள் நீங்கள். என் பாடக்குறிப்பில் உங்கள் மாற்றம்தான் இருக்கிறது.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்த நண்பருக்கு: முழுமையான குணமாக்கல் என்ற பெயரில் என்னென்னவோ விற்கிறார்கள், எனக்கு அதில் எப்போதும் சந்தேகம். நீங்கள் அற்புதம் எதுவும் பேசவில்லை. வலியால் தோள் இறுகிப்போனவரின் கையைத் தொடும் முன் அவர் மூச்சைக் கவனிக்கச் சொன்னீர்கள், அவ்வளவுதான். மெல்ல மூச்சை விட விட இறுக்கம் தளர்வதைப் பார்த்தேன். இதனால் நரம்புச் சேதம் சரியாகிவிடாது என்று முதலில் சொன்னவரும் நீங்கள்தான். அதனால்தான் உங்களை நம்பினேன். பார்க்கப்போனால் வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்காமல் ஆளையே பார்க்கும் இந்தப் பார்வை எங்கள் துறைக்குப் புதிதும் இல்லை. வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் நான்கும் ஒத்துப்போக வேண்டும் என்று மனநல மருத்துவர் அடால்ஃப் மையர் 1922-லேயே எழுதிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் "தூக்கம் எப்படி?" என்று நான் கேட்பதைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள். பழி மையர் மேல்தான்!

கரண்டிப் பிடிகளைத் தடிமனாக்கி, நாற்காலிக் கால்களை உயர்த்தித் தந்த தச்சருக்கும், என் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் நன்றி.

அப்புறம் மாணவர்களே, உங்களில் ஒருவர் ஒருநாள், "அவருக்குச் சட்டை போடுவதில் அக்கறையே இல்லை, மேடம். மகளுக்குக் கடிதம் எழுதத்தான் ஆசை" என்றார். நோயாளியோடு உட்கார்ந்து பேசியிருந்தால்தான் அது தெரியவரும். அன்றே சிகிச்சைத் திட்டத்தை மாற்றினோம்; பொத்தான் பயிற்சி போய் பேனா வந்தது. அந்தப் பேச்சுக்கு நன்றி.

என் பாடக்குறிப்புகளும், கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் வெட்டுவதற்கான காகித மாதிரிகளும் துறை அலமாரியில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் மேடம்