குமரனிடம் இதைப் படித்துக் காட்டு

அன்புள்ள தேவி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள், முதலில் இதை ஒரே மூச்சில் படித்துவிடு. இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் வேலையில் சேர்ந்துவிட்டான். சின்னவள் கோபம் வந்தால் உன்னை மாதிரியே கதவை அறைந்துதான் சாத்துகிறாள். போன மாதம் சுந்தரி டீச்சரைப் பார்த்தேன், "அவள் அந்தப் பதினேழாம் கணக்கைப் போட்டு முடித்துவிட்டாளா?" என்று கேட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் தம்பி குமரனைப் பற்றி நாலே வரிதான் எழுதியிருந்தாய். சுகர் என்று தெரிந்து ஒரு வருடம் ஆகிறது, மாத்திரைக்கு மேல் மாத்திரை ஏற்றுகிறார்கள், ஆனாலும் குறையவில்லை, ஆள் பாதியாகிவிட்டான், வாயைக் கட்ட மாட்டேன் என்கிறான் என்று அவன் மனைவி அழுகிறாள் என்று. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை தேவி. அந்த நாலு வரியும் ஒன்றரை வருடம் என் வீட்டில் ஓடிய கதை. உனக்கு நான் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

எனக்கு 43 வயதில் சுகர் என்றார்கள். வெறும் வயிற்றில் 190, மூன்று மாத சராசரி சொல்லும் எச்பிஏ1சி 8.1. வயதைப் பார்த்து டைப் 2 என்று, அதாவது இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாக இசையாத வகை என்று, எழுதி மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார்கள். நானும் ஒழுங்காக நடந்தேன், சாப்பாட்டை அளந்து சாப்பிட்டேன். ஆறு மாதத்தில் 9.4 ஆனது. கிளிமெபிரைடு என்று இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். அடுத்து 11.2. ஒவ்வொரு முறையும் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "டயட் சரியாக இல்லையே அம்மா" என்பார். வீட்டுக்கு வந்தால் இவர் என் தட்டைப் பார்ப்பார். நான் எழுந்துபோய்ச் சமையலறை விளக்கைப் போட்டால் சின்னவள் பின்னாலேயே வந்து நிற்பாள், திருட்டைப் பிடிக்க வருகிற மாதிரி. வெறும் தண்ணீர் குடிக்கப் போயிருப்பேன். அவ்வளவு தாகம்.

என் கைக்கடிகாரம் நினைவிருக்கிறதா, நீ வாங்கித் தந்தது? அதன் வாரில் ஆணியைச் சுட வைத்து ஒரு ஓட்டை போட்டேன். இரண்டு மாதத்தில் இன்னொன்று. மூன்றாவது ஓட்டை போடும்போது வாரின் நுனி மணிக்கட்டைச் சுற்றி வந்து டயலைத் தொட்டது. 58 கிலோ இருந்தவள் 47க்கு வந்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "நன்றாக இளைத்துவிட்டாய், நல்லதுதானே" என்றார்கள்.

கடைசியில் இவருடைய அக்கா பிடிவாதமாக வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ரிப்போர்ட்டைக் கடைசியாகத்தான் பார்த்தார். எப்போதிலிருந்து இளைக்கிறீர்கள் என்று கேட்டார். வேறு என்ன மாத்திரை என்று கேட்டார். பத்து வருடமாகத் தைராய்டுக்குச் சாப்பிடுகிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதுகிறேன், அது வரட்டும், பிறகு பேசுவோம்" என்றார். காட் ஆன்டிபாடி, சி-பெப்டைடு. இந்த இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிக் குமரனின் சட்டைப்பையில் வை.

அவர் எனக்குப் புரியவைத்ததை அப்படியே சொல்கிறேன். நம் உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிப்பதுதான் டைப் 1. அது குழந்தைகளுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த வயதிலும் வரும். பெரியவர்களுக்குப் பல நேரம் மெதுவாக, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கும். அதற்கு லாடா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் இன்சுலின் மிச்சம் இருப்பதால் மாத்திரை கேட்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். அந்தத் தாக்குதல் நடக்கிறதா என்று காட் ஆன்டிபாடி காட்டும். சி-பெப்டைடு வேறு கணக்கு. கணையம் இன்சுலினைச் செய்யும்போது, ஒவ்வொரு இன்சுலினுக்கும் ஒரு சி-பெப்டைடு வெட்டுப்பட்டு ரத்தத்தில் விழும். அதை அளந்தால் நம் சொந்தக் கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று தெரியும். ஊசியில் போடும் இன்சுலினில் அது கிடையாது, அதனால் ஊசி போடுகிறவர்களுக்கும் அளக்கலாம்.

எனக்கு ஆன்டிபாடி எகிறியிருந்தது. சி-பெப்டைடு 0.4. கிட்டத்தட்ட காலி. தேவி, நான் எதைச் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாமல் கிடந்திருந்தாலும் அந்தச் செல்கள் அழிந்துகொண்டுதான் இருந்திருக்கும். கிளிமெபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டுகிற மாத்திரை. செத்துக்கொண்டிருக்கிற குதிரையை மாதக்கணக்கில் சாட்டையால் அடித்திருக்கிறோம். அன்று அந்த அறையில் நான் அழுதேன். நோய்க்காக இல்லை, யாரும் என்னை நம்பவில்லையே என்று.

இது ஏதோ அபூர்வம் என்று நினைக்காதே. பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், டைப் 2 என்று புதிதாகச் சொல்லப்பட்டவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு காட் ஆன்டிபாடி இருந்தது. அந்த நாட்டுப் பிரதமராக இருந்த தெரசா மேவுக்கே 2012இல், 56 வயதில், முதலில் டைப் 2 என்றுதான் சொன்னார்கள். மாத்திரை கேட்காமல் மறுபடி பரிசோதித்த பிறகுதான் டைப் 1 என்று தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டுதான் அவர் பிரதமர் வேலையைப் பார்த்தார். இதைக் குமரனிடம் கட்டாயம் சொல்.

சுகர் இருக்கிற பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு டைப் 2தான், அவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவைப்படாமலும் போகலாம். குமரனுக்கும் அதுவேதானோ என்னவோ, நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒல்லியான உடம்பு, காரணமில்லாமல் எடை குறைவது, மாத்திரை ஏற ஏற எச்பிஏ1சியும் கூடவே ஏறுவது, அதோடு உன் அம்மாவுக்குத் தைராய்டு, சித்தப்பாவுக்கு அந்த வெண்புள்ளி. காவல் படையே உடம்பைத் தாக்குகிற இந்த மாதிரி நோய்கள் ஒரே ஆளுக்கும் ஒரே குடும்பத்திலும் சேர்ந்து வருவது உண்டாம். இத்தனையும் சேர்ந்திருக்கும்போது கேட்காமல் விடக் கூடாது. டாக்டரிடம் சண்டை போட வேண்டாம். "இது டைப் 2தான் என்று உறுதி செய்ய இந்த இரண்டையும் பார்க்கலாமா?" என்று கேட்கச் சொல். சி-பெப்டைடு எடுக்கும்போது அதே ரத்தத்தில் சுகரையும் பார்க்கச் சொல், இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டுமாம். கணையத்திலேயே வேறு கோளாறு இருந்தாலும் இப்படி இளைக்கும், அதனால் "எதனால் இளைக்கிறேன்?" என்ற கேள்வியை மட்டும் விடவே வேண்டாம்.

அதுவரை மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று பார், அட்டையில் போட்டிருக்கும் மருந்தின் பெயர் "ஃப்ளோசின்" என்று முடியும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுவது. இன்சுலின் தீர்ந்துபோன உடம்பில் அதனால் கீட்டோன், அதாவது கொழுப்பு எரியும்போது வருகிற அமிலப் பொருள், ஏறி ரத்தம் அமிலமாகலாம், அப்போது மெஷினில் சுகர் அதிகம் காட்டாமலே இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. சுகர் எவ்வளவு காட்டினாலும் சரி, கீட்டோன் பார்க்கச் சொல்.

ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று அவன் பயப்படுவான். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் இன்சுலின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊசி 4 மில்லிமீட்டர்தான், என் சுண்டுவிரல் நகத்தைவிடக் குட்டி. வயிற்றில் வைத்து அழுத்தினால் டிக் டிக் என்று எண் இறங்கி சைபரில் நிற்கும். பத்து எண்ணும் வரை எடுக்கக் கூடாது. நான் எண்ணி முடித்துவிட்டு, "போட்டாச்சா?" என்று இவரைக் கேட்டேன். ஒரே வாரத்தில் அந்தத் தாகம் நின்றது. நான்காவது மாதம் எடை 53. எச்பிஏ1சி 7.2. சுகர் 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கிய நாட்களும் உண்டு, அதனால் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கிறது. இவர் இப்போது என் தட்டைப் பார்ப்பதில்லை. ஒருநாள் ராத்திரி மன்னிப்புக் கேட்டார். கேட்டதும் நல்லதுதான்.

குமரனின் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, எடையையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள், டாக்டர் ஒரே பார்வையில் பார்க்கட்டும். அவன் மனைவியிடம் நீயே பேசு, அவள் பாவம், பயத்தில்தான் திட்டுகிறாள். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஃபோன் பண்ணு. பரிசோதனைக்கு அவன் தயங்கினால் ஃபோனை அவனிடம் கொடு. நான் சொன்னால் கேட்பான், மாமரத்திலிருந்து அவனை இறக்கியது யார் என்று அவனுக்கு மறந்திருக்காது.

உன்
மல்லிகா