எண்ணைக் கேட்காமல் என்னைக் கேட்டவர்களுக்கு

அன்புடையீர்,

சர்க்கரை நோயுடன் 11-ஆவது ஆண்டில் இருக்கும் நான், கடந்த ஓராண்டில் எனக்குத் துணைநின்ற சிலருக்கு இம்மடலின் வாயிலாக நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். படித்தால் தங்களைத்தான் சொல்கிறேன் என்று அவர்களுக்கே விளங்கும் என்பதால் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

முதல் நன்றி நீரிழிவு ஆலோசகரான சகோதரிக்கு. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.2 சதவீதம் என்று வந்திருந்த அறிக்கையோடு, திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்த என்னிடம், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு 20 கேள்விகள் கொண்ட ஒரு தாளை நீட்டினார். நீரிழிவு தரும் மனச்சுமையை அளக்க 1995-இல் வெளியான வினாநிரல் அது; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டு, கூட்டுத்தொகையை 1.25-ஆல் பெருக்கி 100-க்குக் கணக்கிடுவார்கள். 40-ஐத் தொட்டாலே சுமை கடுமையானது என்று பொருள். எனக்கு 55 வந்தது. நாள்தோறும் நோயைக் கவனித்துக் கவனித்தே ஓய்ந்துபோய்விட்டீர்களா என்ற பொருளில் அமைந்த கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. சோம்பல் என்று இத்தனை ஆண்டுகள் என்னை நானே ஏசிக்கொண்ட ஒன்று அங்கே அச்சில் இருந்தது. மனச்சோர்வு நோய் வேறு, இச்சலிப்பு வேறு என்று விளக்கியதோடு நில்லாமல், எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்றும் அவர் தனியே பார்த்தார்.

மருந்தைக் கூட்டுமுன் என் உறக்கத்தைப் பற்றி விசாரித்த மருத்துவருக்கும் நன்றி. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோலும் அட்ரினலினும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

என் மனைவிக்கு என்ன எழுதுவது! சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒலித்ததும் அடுத்த அறையிலிருந்து "எவ்வளவு?" என்று கேட்கும் வழக்கத்தை எனக்காக விட்டவர் அவர், அக்கறையோடு கேட்ட கேள்விதான், எனக்கோ அது விசாரணையாகவே ஒலித்தது. ஓர் இரவு மூன்று மணிக்கு உடல் வியர்த்து, சர்க்கரை அளவு 58-க்கு இறங்கியபோது, 15 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி விரலில் குத்திப் பார்க்க வேண்டிய 15 நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் என் அருகில் அமர்ந்திருந்தார். என்ன தவறு செய்தேன் என்று அவர் கேட்கவில்லை.

சராசரி இப்போது 8.4; பெருமைப்படும் அளவில் இல்லை. அத்தாளை மீண்டும் நிரப்பியபோது 30 வந்தது. அறிக்கையைப் போல அதை யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் நானே எழுதிவிட்டேன்.

நன்றியுடன்,
உங்களால் இளைப்பாறிய ஒருவன்