பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைப் படித்தேன். "மர்ம வாடிக்கையாளர்கள் தேவை. ஒரு நாளைக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) வரை. அனுபவம் வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம்." அதன் கீழே, "அம்மா, நீங்கள் செய்கிற அதே வேலைதானே, சேரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பதிலும் போடாதே. போனில் சொன்னால் வேலை அவசரத்தில் பாதி காதில் விழாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செய்வது வேறு, இவர்கள் சொல்வது வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று. மர்ம வாடிக்கையாளர் என்றால் சாதாரண ஆள்போலக் கடைக்குள் போய், வாங்கி, சாப்பிட்டு, பார்த்ததை உள்ளபடி எழுதிக் கொடுக்க வேண்டும். கடைக்கே போகாமல் வீட்டில் இருந்தபடி எதைப் பார்த்து எழுதுவாய்?

போன வாரம் பாயான் பாருவில் ஒரு துரித உணவுக் கடைக்குப் போனேன். மதியம் 12:47-க்கு வரிசையில் நின்றேன், 12:54-க்கு ஆர்டர் கொடுத்தேன், 12:59-க்குச் சாப்பாடு கைக்கு வந்தது. யாருக்கோ மெசேஜ் அனுப்புவதுபோல இதையெல்லாம் போனில் எனக்கே அனுப்பிக்கொள்வேன். கவுண்டரில் இருந்த பிள்ளை வணக்கம் சொன்னதா, ஆர்டரைத் திரும்பப் படித்துக் காட்டியதா, மேசையில் முந்தைய ஆளின் தட்டு கிடந்ததா, கழிவறையில் சோப்பு இருந்ததா, எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கும். வெளியே வந்ததும் காரில் உட்கார்ந்து ரசீதைப் படம் பிடித்துவிடுவேன். அந்தச் சூட்டுத்தாள் ரசீது வெயிலில் கிடந்தால் எழுத்தே மறைந்துவிடும். ரசீது இல்லையென்றால் செலவழித்ததும் திரும்ப வராது, கூலியும் வராது. அன்று இரவுக்குள் வேலை கொடுத்த நிறுவனத்துக்கு அறிக்கையை அனுப்ப வேண்டும். அவர்கள் படித்துவிட்டு, "கழிவறைக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார்கள். எல்லாம் சரியென்றால் சாப்பாட்டுச் செலவும் சின்னக் கூலியும் அடுத்த மாதமோ அதற்கு அடுத்த மாதமோ கணக்கில் விழும். செலவுக்கும் வரம்பு உண்டு. 30 வெள்ளி என்று போட்டிருந்தால், அதற்கு மேல் சாப்பிட்டது நம் செலவு.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு வெளியே போய்வர ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் உன் பி.டி.பி.டி.என். படிப்புக் கடனை இதை வைத்து அடைக்க முடியாது. பெட்ரோல், பார்க்கிங், பட்டர்வொர்த் பக்கம் போனால் பாலத்து டோல் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்தத் துறையில் யாரும் ஒரு நாளைக்கு 300 வெள்ளி தரமாட்டார்கள். அந்தத் தொகை ஒன்றே போதும், மெசேஜை அழிப்பதற்கு.

"முதலில் பணம் கட்டச் சொன்னால் அது மோசடி" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், உறுப்பினர் கட்டணம் என்று கேட்டால் அது மோசடிதான், சந்தேகமே இல்லை. நல்ல நிறுவனம் எதுவும் வேலை செய்ய வருகிறவரிடம் காசு வாங்காது. ஆனால் அந்த ஒரு விதியை மட்டும் நம்பியிருந்தால் நீ ஏமாந்துவிடுவாய். ஏனென்றால் உண்மையான வேலையிலும் முதலில் நம் கைக்காசைத்தான் செலவழிக்கிறோம், பிறகுதான் திரும்ப வருகிறது. மோசடிக்காரனுக்கும் இது தெரியும். "மர்ம வாடிக்கையாளர் என்றால் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், பிறகு கமிஷனோடு திருப்பித் தருவோம், இதுதான் நடைமுறை" என்று நம் வேலையின் பேச்சையே பேசுவான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

அதனால் பணம் போகிறதா என்று பார்த்தால் போதாது, யார் கைக்குப் போகிறது என்று பார். என் பணம் கடையின் கல்லாவுக்குப் போகிறது. பதிலுக்குச் சாப்பாடு வருகிறது, கடையின் பெயர் போட்ட ரசீது வருகிறது. நாளைக்கு அந்த நிறுவனமே காணாமல் போனாலும் எனக்கு நட்டம் ஒரு கோழிச் சோற்றுக் காசு. மோசடியில் பணம் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். டுயிட்நவ்வில் போன் வழியாகப் பணம் அனுப்பும்போது உறுதி செய்வதற்கு முன் பெயர் காட்டும் இல்லையா? அங்கே நின்று பார். பெரிய பேரங்காடி என்று சொன்னவன் கொடுத்த கணக்கில் ஏதோ தனி ஆளின் பெயர் வரும், இல்லையென்றால் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் வரும். "அது எங்கள் ஏஜெண்ட்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாதே.

நம் எதிர் பிளாக்கில் இருக்கும் ஆசிரியர் அம்மாவுக்கு நடந்தது உனக்குத் தெரியாது. அவரே மற்ற பெண்களுக்குச் சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன். முதலில் ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி, உண்மையாகவே 20 வெள்ளி அனுப்பினார்கள். அந்த 20 வெள்ளிதான் தூண்டில். பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே பத்துப் பதினைந்து பேர் "எனக்கு வந்துவிட்டது, நன்றி" என்று ரசீதுப் படமாகப் போட்டுக்கொண்டே இருந்தார்களாம். அத்தனை பேரும் அவர்கள் ஆட்கள்தான். 100 வெள்ளி கட்டினார், 130 வந்தது. அடுத்து மூன்று வேலைகளைச் சேர்த்து முடித்தால்தான் பணத்தை எடுக்கலாம் என்றார்கள். மூன்றாவதில் தொகை ஆயிரக்கணக்கில் ஏறியது. தப்பாக அழுத்திவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது, திறக்க இன்னும் கட்டுங்கள் என்றார்கள். அதையும் கட்டினார், வரி என்றார்கள். போட்டதை மீட்கத்தான் மேலே மேலே போட்டிருக்கிறார். படித்தவர், விவரமானவர். புத்தி இல்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அமெரிக்காவில் இருக்கும் உன் சித்தி மகனுக்கு வேறு மாதிரி வந்திருக்கிறது. அங்கே தபாலில் செக் அனுப்புவார்கள். கணக்கில் போடு, உன் கூலியை எடுத்துக்கொள், மீதிக்குக் கிஃப்ட் கார்டு வாங்கி, பின்னால் இருக்கும் எண்ணைச் சுரண்டிப் படம் எடுத்து அனுப்பு, அந்தக் கடையைச் சோதிப்பதுதான் உன் வேலை என்று கடிதம் இருக்கும். அந்த நாட்டு வங்கிகள் செக் போட்ட ஓரிரு நாளில் பணத்தை எடுக்க விட்டுவிடுகின்றன, ஆனால் அது போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். தெரிந்ததும் வங்கி முழுத் தொகையையும் நம்மிடமே திரும்பக் கேட்கும். கார்டில் இருந்த காசு அதற்குள் போயிருக்கும். அவன் நல்லவேளையாகச் செக்கைப் போடுவதற்கு முன் என்னைக் கேட்டான்.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகப் பயம். சிலர் உன்னிடம் பணமே கேட்கமாட்டார்கள். "உங்கள் கணக்குக்குப் பணம் வரும், அதை இன்னொரு கணக்குக்கு மாற்றுங்கள், வங்கியின் சேவையைச் சோதிக்கிறோம்" என்பார்கள். அது வேறு யாரிடமோ ஏமாற்றி வாங்கிய பணம். உன் கணக்கு அவர்களுக்கு அக்காவுன் கெல்டாய், அதாவது திருட்டுப் பணத்தைக் கடத்தும் கணக்கு, ஆகிவிடும். கணக்கு முடங்கும், போலீஸ் உன்னைத்தான் கூப்பிடும். 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, சொந்தக் கணக்கையோ ஏ.டி.எம். கார்டையோ இப்படிப் பிறர் கையில் கொடுப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். தெரியாமல் செய்தேன் என்று விளக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நீ அலைவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நிஜமாகவே இந்த வேலையைச் செய்ய ஆசை இருந்தால் நான் தடுக்கவில்லை. எம்.எஸ்.பி.ஏ. என்று இந்தத் தொழிலுக்கு ஓர் உலகச் சங்கம் இருக்கிறது, ஆசிய பசிபிக்குக்குத் தனிக் கிளையும் உண்டு. அதன் உறுப்பினர் பட்டியலிலிருந்து தொடங்கு. நாம்தான் அவர்களைத் தேடிப் போய்ப் பதிய வேண்டும், நம் நம்பரைத் தேடி அவர்கள் வரமாட்டார்கள். கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் கம்பெனி பதிவாகியிருக்கிறதா என்று பார், ஆனால் அதோடு நின்றுவிடாதே. நல்ல கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் திருடி மெசேஜ் போடுகிறார்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீயே போன் போட்டு, இந்த ஆளை நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேள். கூலி போட வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள், அது சரி. பாஸ்வேர்டு, பணப் பரிமாற்றத்தை உறுதி செய்யும் டேக் எண் கேட்டால் யாராக இருந்தாலும் கிடையாது. ஐ.சி. (அடையாள அட்டை) நகல் கொடுக்க வேண்டி வந்தால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறாய் என்று நடுவில் எழுதிக் கொடு.

வேலை கிடைத்தால், கவுண்டரில் நிற்கிறவர்களை நினைத்து எழுது. "சிரித்தாரா?" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தப் பிள்ளை சிரித்திருக்காது. ஆனால் அதன் பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்க, பக்கத்துக் கவுண்டர் மூடியிருந்ததையும் நீ பார்த்தாய் அல்லவா? கட்டத்தில் இல்லை என்று போடு, கீழே அதையும் சேர்த்து எழுது. பெட்ரோல் நிலையத்தில் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நிற்கிறவர்களுக்கு நம் ஒரு வரியால் சம்பளத்தில் கை வைக்கப்படலாம். பார்க்காததை எழுதாதே, பார்த்ததை விடாதே. நேரம் இல்லையென்று போகாத கடைக்குப் போனதாக எழுதிக் கொடுப்பவர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் கோபம் வரும்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த ஆள் கணக்கு எண் ஏதாவது அனுப்பியிருந்தால் போலீஸின் செமாக் மியூல் இணையதளத்தில் போட்டுப் பார். போன் நம்பரையும் அங்கேயே பார்க்கலாம். ஆனால் அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதே, இன்னும் யாரும் புகார் கொடுக்காமலும் இருக்கலாம். பிறகு நம்பரை பிளாக் செய்துவிடு. ஒருவேளை என்னிடம் சொல்லாமல் ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், திட்டுவேன் என்று பயந்து ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதே. உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐக் கூப்பிடு, உன் வங்கியின் ஹாட்லைனையும் கூப்பிடு, பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் பிடித்தால்தான் நிறுத்த முடியும். அதற்கப்புறம் எனக்குப் போன் செய். நடு இரவானாலும் எடுப்பேன், திட்டமாட்டேன்.

உன் அறைத்தோழிக்கும் இதே மெசேஜ் வந்ததாகச் சொன்னாயே, அவளுக்கும் இதைக் காட்டு. இந்த மாதத் தவணைக்குக் கை கடித்தால் என்னிடம் கேள், உன் கணக்கில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா
ஜெலுத்தோங், பினாங்கு