ஜேசிபி இறங்கும்போது ஒருவர் நிற்கட்டும்

ஆசிரியருக்கு,

பல்லாவரம் பக்கம் பழைய பண்ணை வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். வீடுகளின் வயதைப் பற்றி எழுதியிருந்தீர்கள், சரி, அடியில் இருக்கும் மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கல் கருவியைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்திலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் சட்டம் குறுக்கே நிற்கும். அதைத் தாண்டினால் கேட்பாரில்லை.

எங்கள் தெருவில் அஸ்திவாரம் தோண்டியபோது பழங்காலப் பானைகளைப் போலக் கறுப்பும் சிவப்புமாக ஓடுகள் ஒரு கூடை அளவுக்கு வந்தன, நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மேஸ்திரி அதையும் இடிபாட்டு மண்ணோடு லாரியில் ஏற்றிவிட்டார் (அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு யார் சொன்னார்கள்?). வேலையை மாதக்கணக்கில் நிறுத்தச் சொல்லவில்லை. கட்டட அனுமதியிலேயே ஒரு நிபந்தனை போட்டு, மண் எடுக்கும் அந்த நாலைந்து நாள் மட்டும் சென்னைப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைக்கலாம், அவருக்கான தினப்படியைக் கட்டுபவரே கொடுக்கட்டும்.

- ஒரு வாசகர், குரோம்பேட்டை