வேன்ல ஏறுறது யாருன்னு பாருங்க

தனியார் ஸ்கூல் தாளாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணோட அம்மா எழுதுறேன். ஜூன்ல எங்க வேனுக்கு புது டிரைவர் வந்தாரு, கூடவே ஒரு கிளீனர். போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணியாச்சான்னு ஸ்கூல் ஆபீஸ்ல கேட்டேன், ஓ ஆச்சே மேடம்னு ஒரு ஃபைல எடுத்து நீட்டினாங்க. உள்ள லைசென்ஸ் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், பின் அடிச்ச ஒரு போட்டோ. அவ்ளோதான். கிளீனர் பேர்ல ஒரு துண்டு பேப்பர் கூட இல்ல, அவரு கான்ட்ராக்ட் ஆளாம்.

பிள்ளைங்ககிட்ட யாராவது பாலியல் தப்பு பண்ணிட்டா பேரன்ட்ஸ் குரூப்ல எல்லாம் "இவனுங்கள ஊருக்குள்ளயே குடி வைக்கக்கூடாது, அமெரிக்கா மாதிரி சட்டம் வேணும்"னு கொதிக்கிறாங்க, எனக்கும் அதே ஆத்திரம்தான், ஆனா அங்க என்ன ஆச்சுன்னு தேடிப் படிச்சப்போ மனசு மாறிடுச்சு. மியாமில 2005ல ஸ்கூல்லேருந்து 2500 அடிக்குள்ள பாலியல் குற்றவாளிங்க குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, வீடே கிடைக்காம பல பேரு ஒரு பாலத்துக்கு அடியில டென்ட் போட்டு வருஷக்கணக்குல கெடந்தாங்க. மினசோட்டா சிறைத்துறை 2007ல, ஜெயில்லேருந்து வெளிய வந்து மறுபடி தப்பு பண்ணின 224 பேரோட கேஸ எடுத்துப் பாத்துச்சு, ஸ்கூல் பக்கத்துல குடியிருக்கக் கூடாதுங்கிற வீட்டுத் தடை இருந்தா தடுத்திருக்கலாம்ங்கிற மாதிரி ஒரு கேஸ் கூட இல்ல. தெரிஞ்சவங்க மூலமா, பழகிப் பழகித்தான் பிள்ளைங்ககிட்ட வர்றாங்க. ஐயோவால 2009ல வீட்டுத் தடைய மோசமான குற்றங்களுக்கு மட்டும்னு சுருக்கிட்டு, குழந்தைங்ககிட்ட தப்பு பண்ணினவன் ஸ்கூல், டே கேர் மாதிரி எடத்துல வேலை பாக்கவே கூடாதுன்னு கொண்டு வந்தாங்க. எனக்கு அதுதான் சரின்னு படுது.

நம்ம ஊர்ல அந்தப் பொறுப்பு உங்க கையில இருக்கு. 2020 போக்சோ விதிகள்ல பிள்ளைங்களோட பழகுற எல்லா ஸ்டாஃபுக்கும், பாடம் நடத்துறவங்களோ இல்லையோ, நிரந்தரமோ கான்ட்ராக்டோ, போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணணும், அதுவும் ஒரு தடவ பண்ணிட்டு விடக்கூடாது, அப்பப்போ பண்ணணும்னு இருக்கு. பாலியல் குற்றவாளிங்க பட்டியல் 2018லேருந்து இருக்கு, ஆனா அத போலீஸ் மட்டும்தான் பாக்க முடியும், பெத்தவங்களால முடியாது. அதனாலதான் உங்கள கெஞ்சிக் கேக்குறேன். கராத்தே மாஸ்டர், ஆயாம்மா, வாட்ச்மேன், கிளீனர்னு ஒருத்தரையும் விடாதீங்க.

திங்கக்கிழமை மறுபடி ஆபீஸுக்கு வருவேன். கிளீனரோட ஃபைலத்தான் மொதல்ல கேப்பேன்.