கல் அல்ல, செங்கல்லும் சுண்ணாம்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டப் படத்தின் கீழே 'கல்லில் வடித்த நினைவுச் சின்னங்கள்' என்று அச்சிட்டிருந்தீர்கள். 1767இல் திறந்த அந்தத் தோட்டத்தில் கல் குறைவு. ஊசிமுனைத் தூண், பிரமிடு, மண்டபம் என்று நிற்பவற்றில் பெரும்பாலானவை செங்கல் கட்டு. மேலே சுண்ணாம்புப் பூச்சு. விளிம்பும் தூண் தலைப்பும் கொத்தனார் கரண்டியில் உருவானவை, உளியில் அல்ல. இந்து வழக்கங்களைப் பின்பற்றியதால் 'இந்து ஸ்டூவர்ட்' எனப்பட்ட, 1828இல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியின் கோயில் வடிவக் கல்லறையைப் பார்ப்பவர்களுக்கு இதில் எளிதில் நம்பிக்கை வராது.

கல் என்று நினைத்துவிட்டால் பழுதுக்குச் சிமெண்ட் மூட்டையைத்தான் பிரிப்பார்கள். தரையிலிருந்து செங்கல் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரத்தோடு ஏறிய உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். பிறகு சிமெண்ட் தகடு கழன்று விழும்போது பழைய செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும்.

இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் கட்டே பிளக்கும். தண்டை அறுத்த கையோடு வெட்டுவாயில் களைக்கொல்லி தடவுங்கள். வேர் செத்துக் காய்ந்த பிறகு விரிசலைக் கழுவி, சுண்ணாம்புக் குழம்பைக் கீழிருந்து மேலாகச் செலுத்த வேண்டும்.

பூச்சுக்குச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, குறைந்தது 3 மாதம் தண்ணீருக்கடியில் ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவரில் நீறிக் கொப்புளமாக வெடிக்கும். சுண்ணாம்பு 1 பங்கு, செங்கல் தூள் 1, மணல் 2. சுவரை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு 10 மி.மீ. கனத்துக்கு மிகாமல் பூசி, ஒரு வாரமாவது ஈரக் கோணி போர்த்த வேண்டும். கொல்கத்தாவில் நவம்பரில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடிப்பது நல்லது. கோடை வெயில் பூச்சை இறுகவிடாமல் உலர்த்திவிடும். செட்டிநாட்டுச் சுவர்களில் மினுமினுப்புக்குச் சேர்க்கும் முட்டை வெள்ளைக்கரு அங்கே தேவையில்லை. பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்; அதுவும் சிமெண்ட் செய்த வேலையைத்தான் செய்யும். நீர்த்த சுண்ணாம்பு வெள்ளை நாலைந்து முறை அடித்தால் போதும்.

பெயர் பொறித்த பளிங்குப் பலகைகளில் ஆசிட் படவே கூடாது. பளிங்கும் சுண்ணாம்பு இனம்தான், கரைந்துவிடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே நிழலில் எழுத்து தெரியும்.

சுண்ணாம்பு வேலைக் கொத்தனார்கள்,
காரைக்குடி